செப்சிஸ்: கிருமியின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது

மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிவதால், செப்சிஸைக் கண்டறியும் புதிய கருவிகளைப் பற்றிய செய்தி எது வந்தாலும் ஆர்வத்தோடு படிக்கிறேன். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடல் கட்டுப்பாடு இழந்து தன் உறுப்புகளையே சிதைக்கத் தொடங்கும் இந்நிலை, 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் உயிர்களைப் பறித்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

பரிசோதனை தாமதமாவதற்கு அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. நோயாளியின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்கள் இருக்க, பாக்டீரியாவோ பல வேளைகளில் ஒன்றிரண்டுதான் இருக்கும். அதனால்தான் ரத்தத்தைக் குப்பியில் இட்டு, கிருமி பெருகும்வரை காத்திருக்கிறோம். கிருமி வெளியிடும் கரியமில வாயுவால் குப்பியின் அடியிலுள்ள உணரி பச்சையிலிருந்து மஞ்சளாக மாறியதும் இயந்திரம் ஒலியெழுப்பும். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தால், ஊதா நிறத்தில் திராட்சைக் குலைபோல் உருண்டைகளோ, இளஞ்சிவப்புக் கோல்களோ தெரியும். இந்தக் கட்டத்தை எட்டவே பெரும்பாலும் அரை நாளுக்கு மேலாகிவிடும். எந்த மருந்துக்கு அக்கிருமி கட்டுப்படும் என்பதை அறிய, வழக்கமான முறையில் இன்னும் ஒரு நாளாவது வேண்டும்.

2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமான இன்டெல்லிசெப் சோதனை, வெள்ளணுக்களை நுண்குழாயில் பாயவிட்டு, அவை அழுத்தத்தில் எவ்வாறு உருமாறுகின்றன என்பதைப் படமெடுத்து, செப்சிஸுக்கான வாய்ப்பைச் சுமார் 8 நிமிடங்களில் மதிப்பிடுகிறது. இங்கே சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மருத்துவர்கள் எழுதும் குறிப்புகளையும் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்து, 12 மணி நேரம் முன்கூட்டியே செப்சிஸைக் கணிக்கும் முறையை 2021இல் வெளியிட்டார்கள். இரண்டும் மிகவும் வரவேற்கத்தக்கவை; ஆனால் எந்த மருந்தைக் கொடுப்பது என்ற கேள்விக்கு இரண்டிலும் விடையில்லை.

2015இல் நம் உணவங்காடிகளில் பச்சை நன்னீர் மீன் உண்டவர்களிடையே பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பரவியபோது, திடகாத்திரமானவர்களும் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். அந்தக் கிருமி பென்சிலினுக்குக் கட்டுப்படும் என்பதால், பெயர் தெரிந்ததுமே சிகிச்சைக்கு வழி தெரிந்துவிட்டது. மருந்தெதிர்ப்பு மிக்க கிளெப்சியெல்லா அப்படியல்ல. அதன் பெயரை மட்டும் அறிந்து மருத்துவரால் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆகவே, கிருமியை ரத்தத்திலிருந்து நேரடியாகக் காந்த நுண்துகள்களால் பிரித்தெடுத்து, மருந்துப் பரிசோதனையை 40 முதல் 60 மணி நேரம் வரை முன்னதாக முடிக்கலாம் என்று சோல் தேசியப் பல்கலைக்கழகத்தினர் 2024இல் காட்டிய வழியைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். முதலீடும் ஆய்வும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

அத்தகைய கருவிகள் வரும்வரை குப்பிகளைத்தான் நம்பியிருக்கிறோம். பெரியவர்களுக்குக் குப்பி ஒன்றுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் ரத்தம் தேவை. குறைந்தால், இருக்கும் சொற்பக் கிருமியும் குப்பிக்குள் வராமல் போகக்கூடும். “இவ்வளவு ரத்தம் எதற்கு எடுக்கிறீர்கள்?” என்று கேட்கும் குடும்பத்தாருக்கு, தாதியர் இந்தக் காரணத்தையே சொல்லலாம்.