ஆயா ஏறிய படவு

மிட்மார் அணைக்குப் படகு ஓட்டப் போகிறோம் என்று சொன்னதும் ஆயா கேட்ட முதல் கேள்வி, "அது எந்த ஆற்றுத் தண்ணீர்?" உம்கேனி என்றேன். பதில் பேசாமல் கறிவேப்பிலையை உருவத் தொடங்கினார்.

வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில், ஆயா வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்று அழைப்பது வழக்கம். பேரப்பிள்ளைகளைப் பார்த்து நானும் அப்படியே அழைக்கப் பழகிவிட்டேன். அவருக்கு வயது 76. அவர் பேசும் தமிழில், நம் ஊரில் அருகிப்போன சொற்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. படகை அவர் 'படவு' என்றுதான் சொல்வார்.

உம்கேனி என்றால் அவர் வீட்டில் பயம். 1917 அக்டோபர் இறுதியில் அந்த ஆறு பெருகி, டர்பனின் ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த இந்தியக் குடும்பங்களை வாரிக்கொண்டு போனது. தகரக் குடிசைகள் நிறைந்த அந்த இடத்துக்கு டின் டவுன் என்று பெயர். ஆயாவின் அம்மா அப்போது ஏழு வயதுச் சிறுமி. கூரைமேல் உட்கார்ந்திருந்த இரவைப் பற்றி அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். அன்று மாரிமுத்து படவாட்டன் என்பவரும் அவருடைய தோழர்கள் ஐவரும் ஒரு படகை எடுத்துக்கொண்டு, வெள்ளத்துக்குள் திரும்பத் திரும்பப் போய் 170க்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தார்கள். டர்பன் தமிழர்கள் அந்த ஆறு பேரை இன்றும் பெருமையோடு நினைக்கிறார்கள். படவாட்டன் என்ற பெயரை முதன்முதலில் கேட்டபோது, படவு ஓட்டுபவன் என்றுதான் என் காதில் விழுந்தது.

சனிக்கிழமை விடியற்காலை நாங்கள் கிளம்பும்போது ஆயாவும் வந்து காரில் உட்கார்ந்துவிட்டார். எப்போதும் புடவை கட்டுபவர் அன்று சல்வார் அணிந்திருந்தார். அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

டர்பனிலிருந்து, அணைக்கு அருகில் உள்ள ஹோவிக் ஊருக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைக் கடந்து மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. 1965இல் கட்டி முடிக்கப்பட்ட மிட்மார், உம்கேனியின் நான்கு பெரிய அணைகளில் முதலாவது. அதற்குக் கீழே ஹோவிக்கில் ஆறு 95 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. பிறகு ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகிள், இனாண்டா என்று அணை அணையாகத் தங்கி, டர்பனில் புளூ லகூன் என்ற முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. ஆனால் ஏப்ரல் மாதக் காலையில் மிட்மார் நீரைப் பார்ப்பவர்களுக்கு அது ஓர் ஆறு என்ற நினைப்பே வராது. புல்மேடுகள் தலைகீழாகத் தண்ணீரில் கிடந்தன. பனிமூட்டம் கரையிலிருந்து மெல்ல விலகிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு மீன்கழுகு தலையைப் பின்னுக்கு எறிந்து கூவியது. ஆப்பிரிக்காவின் குரல் என்று அதைச் சொல்வார்கள். அதை நேரில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆயாவின் பேரன் தன் ஒற்றையாள் கயாக்கைக் கார் கூரையிலேயே கட்டிக் கொண்டுவந்திருந்தான். டூசி பந்தயத்துக்காகப் பயிற்சி எடுக்கிறான். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொடங்கி, ம்சுன்டூசி ஆற்றின் வழியே உம்கேனியில் இறங்கி, சுமார் 120 கிலோமீட்டர் தாண்டிப் புளூ லகூனில் முடியும் பந்தயம் அது. நடுவே படகைத் தோளில் சுமந்துகொண்டு மேடு ஏறி ஓடவும் வேண்டும். 1951இல் நடந்த முதல் பந்தயத்தில் கடைசிவரை வந்து சேர்ந்தவர் இயன் பிளேயர் ஒருவர் மட்டுமே. இந்த நாட்டில் கயாக்கையும் பொதுவாகக் கனூ என்றே சொல்கிறார்கள். ஆனால் இரண்டும் வேறு. கயாக்கில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் அலகு உள்ள துடுப்பை இடமும் வலமுமாகப் போட வேண்டும். கனூ என்பது நம் தோணியின் உறவு. மேலே திறந்திருக்கும், துடுப்புக்கு ஒரே அலகு.

நான் முதலில் எடுத்தது நின்று ஓட்டும் துடுப்புப் பலகை. முதலில் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டுப் பலகை ஓடத் தொடங்கியபின், நடுவில் தோள் அகலத்துக்குக் காலை வைத்து எழுந்து நிற்க வேண்டும். முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும், கண் தொலைவில் இருக்க வேண்டும். காலைக் குனிந்து பார்த்தேன், அடுத்த நொடி தண்ணீருக்குள் இருந்தேன். குளிர் எலும்பைத் தொட்டது. கணுக்காலில் கட்டியிருந்த கயிறு பலகையை அருகிலேயே நிறுத்தியிருந்தது. அந்தக் கயிறையும் லைஃப் ஜாக்கெட்டையும் யாரும் அலட்சியமாக நினைக்கக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். டர்பன் இருக்கும் குவாசுலு-நத்தால் மாகாணத்தின் தாழ்நிலங்களில், வெதுவெதுப்பான தேங்கிய நீரில் நத்தைகள் வழியே பில்ஹார்சியா நோய் பரவுகிறது. எந்த நீரில் இறங்குவதானாலும் உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இரண்டாம் முறை எழுந்து நின்றபோது நிலைத்தேன். நின்றுகொண்டு போவதால் தண்ணீருக்குள் பாசி அசைவதுகூடத் தெரிந்தது. அரை மணி நேரம் மிதந்துவிட்டுக் கரைக்குத் திரும்பினால், ஆயா லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"இது ஆறு மாதிரி இல்லையே, தம்பி. குளம் மாதிரி இருக்கிறது. படவில் என்னை ஏற்றிவிடுங்கள்."

பேரன் முழங்கால் ஆழத்தில் நின்று கனூவை இறுகப் பிடித்துக்கொண்டான். இரண்டு பக்க விளிம்புகளையும் பற்றிக்கொண்டு, உடலைத் தாழ்த்தி, படகின் நடுக்கோட்டில் கால் வைக்கச் சொன்னோம். அப்படியே செய்தார். முன்னிருக்கையில் உட்கார்ந்ததும் அவர் தோள்கள் கல்லாக இறுகின. நான் பின்னால் அமர்ந்து ஓட்டினேன். ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் கனூ மறுபக்கம் திரும்பும். ஒவ்வொரு தள்ளலின் முடிவிலும் அலகைச் சற்று வெளிப்புறம் திருப்பினால் நேராகப் போகும். அன்று அவருக்காக மிக மெதுவாகத் தள்ளினேன்.

கரை சிறுத்தது. துடுப்பிலிருந்து சொட்டும் நீரின் ஓசையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. வெகுநேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"இந்தப் படவில் எத்தனை பேர் ஏறலாம்?"

"மூன்று பேர், ஆயா."

"அவர்களுடைய படவு இதைவிடப் பெரிதாக இருந்திருக்கும். பத்துப் பேர் ஏறினார்கள் என்றே வைத்துக்கொள். அப்படியும் எத்தனை தடவை போய் வந்திருக்க வேண்டும்!"

விரல்விட்டு எண்ணத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு கையைத் தண்ணீருக்குள் விட்டு அப்படியே வைத்திருந்தார். சற்று நேரத்தில் துடுப்பைக் கேட்டு வாங்கினார். முதலில் நீரை மேலாகத் தடவினார், பிறகு அலகு முழுவதும் அமிழும்படி இழுத்தார். படகு முன்னே போனதும் அவர் முதுகு நிமிர்ந்தது.

பத்து மணிக்குமேல் காற்று எழுந்தது. ஏரியில் போகும்போது காற்றை எதிர்த்துப் போய், வரும்போது அதன் முதுகில் வர வேண்டும் என்று பேரன் சொல்லியிருந்தான். அதன்படியே போயிருந்ததால் சிற்றலைகள் எங்களைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தன.

இன்னொரு சுற்றுப் போகலாம் என்றார் ஆயா. காற்று பலத்துவிட்டது, வேண்டாம் என்று பேரன் தடுத்தான். சரி என்றார், ஆனால் இறங்கவில்லை. ஆழமில்லாத இடத்தில் கனூவைக் கட்டிப் போட்டோம். உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டியை அங்கேயே கொண்டுவரச் சொல்லி, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி மெல்லச் சாப்பிட்டார்.