மூன்று கோடும் ஒரு சேலைக் கடையும்

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு குடும்பத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இணையதளம் செய்து கொடுத்தேன். அதற்கு முன்பே பத்துப் பன்னிரண்டு தளங்கள் செய்திருந்தேன். ஆனாலும் இந்தத் தொழிலை எங்கே கற்றாய் என்று யாராவது கேட்டால் அந்தக் கடையைத்தான் சொல்வேன்.

முதலில் செய்த வடிவம் பார்க்க நன்றாகவே இருந்தது. முகப்பில் ஐந்து பெரிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். மெல்லிய சாம்பல் நிற எழுத்து, சுற்றிலும் தாராளமாக வெள்ளை இடம். மெனுவை மூலையில் மூன்று கோடுகளுக்குள் மடக்கி வைத்திருந்தேன். கடைக்கார அக்காவுக்குப் பிடித்துவிட்டது. "நல்லாருக்கு தம்பி. எதுக்கும் நம்ம டீச்சர்கிட்ட ஒரு தடவ காட்டிருவோம்" என்றார். பல வருடமாக அங்கேயே சேலை எடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அவர்.

டீச்சர் கடைத் திண்ணையில் உட்கார்ந்து தன் போனிலேயே தளத்தைத் திறந்தார். பதினோரு மணி வெயில். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். படங்கள் வந்து சேரவே வெகுநேரம் ஆனது. கேமராவிலிருந்து எடுத்தபடியே ஏற்றியிருந்தேன், ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி. வந்த பிறகு ஒரு மஞ்சள் சேலையைத் தொடப் போனார். விரல் படுவதற்குள் அது நகர்ந்து வேறு சேலை வந்துவிட்டது. விலையைப் படிக்க ஒரு கையால் திரைக்கு நிழல் கட்டினார். அப்புறம் அந்த விலையையே இரண்டு முறை அழுத்தினார், ஏதாவது திறக்கும் என்று. விலையைச் சுற்றி நான் போட்டிருந்த கட்டம் பொத்தான் மாதிரியே இருந்தது. "இந்த மூணு கோடு எதுக்கு தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் போனைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் பழக்கமில்லப்பா" என்றார்.

அந்த வார்த்தை அன்று இரவு முழுக்க உறுத்தியது. முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். நான் செய்த பிழைக்கு அவர் தன்னைக் குறை சொல்லிக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் முதலில் எழுத்தின் நிறத்தை எடுத்தேன். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச மாறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டி. அளந்து பார்த்தால் என் சாம்பலுக்கு 2.85தான் வந்தது. குளிரூட்டிய அறையில் பெரிய திரையில் உட்கார்ந்து வடிவமைத்தவனுக்கு அது நேர்த்தியாகத் தெரிந்திருக்கிறது. வெயிலில் நிற்பவருக்கு அது வெறும் வெள்ளைத்தாள். நகரும் படங்களை நீக்கினேன். எல்லாப் படத்தையும் வெப்பி (WebP) என்ற, குறைந்த இடம் பிடிக்கும் பட வடிவத்துக்கு மாற்றிச் சுருக்கியதில் முகப்புப் பக்கமே ஒரு எம்பிக்குள் அடங்கியது. மூன்று கோடு போய், சேலை, துப்பட்டா, தொடர்புக்கு என்று மூன்று சொற்கள் வெளியே வந்தன.

தமிழ் எழுத்துகளில் இன்னும் அதிக நேரம் போனது. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'சீ'யில் போய் இடித்தது. எழுத்தளவைப் போல் 1.2 மடங்காக இருந்ததை 1.6 மடங்கு ஆக்கியதும் பக்கமே மூச்சு விட்ட மாதிரி இருந்தது. பொத்தான்களில் வேறு சிக்கல். 'கூடையில் சேர்க்கவும்' சிறிய திரையில் உடைந்து 'வும்' மட்டும் தனியாகக் கீழே தொங்கியது. 'வாங்கு' என்று சுருக்கினால் அக்கா முகம் சுளித்தார்: "வாடிக்கையாளரப் பாத்து அப்படிச் சொல்லலாமா?" 'வாங்குங்கள்' நீளம். கடைசியில் 'வாங்க' என்று வைத்தோம். வாங்குவதற்கு என்றும் படிக்கலாம், வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரியும் இருக்கிறது. இதே வழியில் 'தேட', 'திரும்ப', 'அனுப்ப' எல்லாம் அமைந்தன. மரியாதையும் கெடவில்லை, இடமும் மிச்சம்.

ஆர்டர் படிவத்தில் பதினொரு கட்டங்கள் இருந்தன. மின்னஞ்சல் கட்டாயம் என்று போட்டிருந்தேன். கடைக்கு வருகிறவர்களில் பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. பெயர், போன், முகவரி, பின்கோடு, அடையாளம் என ஐந்தாகக் குறைத்தேன். நம் ஊரில் கூரியர் தம்பி வீட்டைக் கண்டுபிடிப்பது அந்த அடையாளத்தை வைத்துத்தான்: 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர் சந்து'. போன் எண்ணை நடுவில் இடைவெளி விட்டு எழுதுவது பலருக்கும் வழக்கம். என் படிவம் அதை 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இடைவெளியை நீக்க ஒரு வரி நிரல் போதும். அதைக் கணினியிடம் விடாமல் மனிதர் தலையில் கட்டியிருந்தேன். இப்போது உண்மையிலேயே இலக்கம் குறைந்தால், 'போன் எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது' என்று சொல்கிறது. பின்கோடு கட்டத்தைத் தொட்டால் எண் விசைப்பலகை வருகிறது.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் மறுபடி வந்தார். திண்ணை அதே, வெயிலும் அதே. அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மகளுக்கு ஒரு சேலை ஆர்டர் செய்துவிட்டு, "சேலை வீட்டுக்கு வந்ததும் பணம் குடுத்தாப் போதும்ல?" என்று மட்டும் உறுதி செய்துகொண்டார்.

நிறம் மட்டும் கடைசி வரை இழுத்தது. படத்தில் பார்த்தது ஒன்று, வந்தது வேறு என்று சேலைகள் திரும்பி வந்தன. மொட்டைமாடியில், பகல் வெளிச்சத்தில், வெள்ளை வேட்டி மேல் விரித்துப் படம் எடுத்தோம். துணியில் முடிச்சுப் போட்ட இடத்துப் புள்ளிகளை விரல் நுனி அளவுக்கு நெருங்கி எடுத்தோம். கையால் கட்டியவை எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை, அது தெரிய வேண்டும். இருந்தும் ஒவ்வொரு போனும் ஒவ்வொரு அரக்கைக் காட்டியது. சரி, சொல்லால் சொல்லிவிடலாம் என்றார் அக்கா. கடை மூடிய பிறகு ஒவ்வொரு சேலையாக விளக்கடியில் பிரித்துப் போட்டு அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். "இது மாம்பழ மஞ்சள்னு போடுங்க. நல்லாப் பழுத்தது. இது அரக்கு, காஞ்ச மிளகாய விடக் கொஞ்சம் அடர்த்தி. இது கத்தரிப்பூ… இருங்க, பூ இல்ல, கத்தரிக்காயோட தோலு."