அந்த ஈ-பிளாட்டை யார் விட்டுக்கொடுப்பது?

“ஈ-பிளாட் காதிலேயே விழவில்லை” என்றார் அமெரிக்கப் பியானோ கலைஞர். “அந்தச் சுரம் அப்படித்தான் இருக்கும்” என்றார் ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழலை வாசித்த ஜப்பானியர். இரண்டு பேர் சொன்னதும் சரி. எங்கள் ஜாஸ் பாட்டுக்கு இசைக்குறிப்பை எழுதியவன் நான் என்பதால் முடிவும் என் கைக்கு வந்தது. 1.8 அளவுக் குழலை வைத்துவிட்டு, அதைவிட நீளமான 2.0 எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் தலையசைத்து எடுத்துக்கொண்டார். ஒத்திகை தொடர்ந்தது. அதில் எனக்கு இன்னும் நிம்மதியில்லை.

பாட்டு சி மைனர் சுரவரிசையில். அதன் மூன்றாம் சுரம் ஈ-பிளாட்; மைனர் என்று காட்டுவதே அதுதான். ஷாகு என்பது ஜப்பானிய நீள அளவு; 1.8 ஷாகு என்பது 54.5 சென்டிமீட்டர் நீளமுள்ள குழல். முன்னால் நான்கு துளை, பின்னால் ஒன்று. துளைகளை முழுதாகத் திறந்து மூடினால் வருபவை டி, எஃப், ஜி, ஏ, சி. ஈ-பிளாட் வேண்டுமென்றால் அடித்துளையைப் பாதிக்கு மேல் மூடி, முகவாயைத் தாழ்த்தி ஊத வேண்டும். இதற்கு மெரி என்று பெயர். முகவாய் தாழும்போது உதடு குழலின் விளிம்பை நெருங்குகிறது, வாய்ப்பக்கத் திறப்பு குறுகுகிறது, சுருதி இறங்குகிறது. கூடவே மேல் அதிர்வுகள் குறைந்து நாதம் மங்குகிறது. ஒலி போதவில்லையென்று அழுத்தி ஊதினால் சுருதி ஏறிவிடும். ஆகவே “கொஞ்சம் சத்தமாக” என்று கேட்பதில் பயனில்லை. தனியாக வாசிக்கும்போது ஷாகுஹாச்சியின் உயிரே இந்த மங்கலில்தான் இருக்கிறது. எங்கள் பாட்டில் அதே சுரத்தின் அடியில் டிரோம்போன் என்ற பித்தளை ஊதுகருவி இரண்டு, மேலே டிரம்ஸின் ரைடு சிம்பல்.

மைக்கால் சரிசெய்யலாமே என்று கேட்பார்கள். குழலுக்கு ஒரு சாண் தூரத்தில் மைக்கை வைத்து ஒலியைக் கூட்டினால் சிம்பலும் அதே மைக்கில் ஏறி வருகிறது. மேல் அலைவரிசையை மட்டும் தூக்கினால் மூச்சின் இரைச்சல் சுரத்தை முந்திக்கொள்கிறது. 2.0 குழலில் இந்தத் தொல்லை கிடையாது. 60.6 சென்டிமீட்டர்; திறந்த துளைகளில் சி, ஈ-பிளாட், எஃப், ஜி, பி-பிளாட். சி மைனருக்கென்றே செய்ததுபோல் இருக்கும். துளைகளுக்கு இடையே தூரம் கூடுவதால் விரல்களை இன்னும் விரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒத்திகை அறையில் இதைவிட நியாயமான முடிவு எது? இன்றும் யாராவது கேட்டால் இதையேதான் சொல்வேன்.

ஆனால் அன்று யாரும் பேசாத ஒன்று உண்டு. மரபில் மெரி சுரங்கள் பியானோவின் சம இடைவெளிச் சுரங்களைவிடத் தாழ்ந்தே நிற்கும். ஜப்பானில் பியானோவின் ஏ சுரத்தை 442 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்ப்பது வழக்கம்; அமெரிக்காவின் 440-க்கும் இதற்கும் 8 சென்ட் வித்தியாசம் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). மெரி ஈ-பிளாட் அதைவிட அதிகமாகவே கீழே இறங்கும். பியானோ கலைஞரின் இடது கையோ சி மைனர் 7 என்ற சுரக்கூட்டுக்கு வழக்கமாகப் பிடிப்பது ஈ-பிளாட், ஜி, பி-பிளாட், டி. சி-யை பாஸ் கருவி தந்துவிடும் என்பதால் மூன்றாம் சுரத்திலிருந்தே கை தொடங்குகிறது. ஆக, காதில் விழாமல் போனதற்குக் காரணம் ஒலிக்குறைவு மட்டுமல்ல. ஒரே இடத்தில் இரண்டு ஈ-பிளாட் இருந்தன. அசையாத ஒன்று அசையும் ஒன்றை விழுங்கியது. அவர் ஜி, பி-பிளாட், டி, எஃப் என்று பிடித்திருந்தால், இரண்டாம் டிரோம்போனையும் நான் எஃப்-க்கு மாற்றியிருந்தால், அந்த இடம் மைனர் என்று சொல்லும் பொறுப்பு முழுக்கக் குழலுக்கே போயிருக்கும். மங்கலாகத்தான் சொல்லியிருக்கும். ஆனாலும் சொல்லியிருக்கும்.

இந்த இரண்டு நாட்டு ஜாஸ் உறவின் கதையே யார் இடம் மாறினார்கள் என்பதுதான் என்று சில சமயம் தோன்றுகிறது. ஜப்பானியப் பியானோ கலைஞர் தொஷிகோ அகியோஷி வாசித்ததை 1953-இல் டோக்கியோவில் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சன் கேட்டார்; தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் ஒலிப்பதிவு செய்தார்; 1956-இல் அகியோஷி பாஸ்டனில் பெர்க்லீ இசைப்பள்ளிக்குப் படிக்கப் போனார். சாக்ஸபோன் கலைஞர் சதாவோ வதனபேயும் 1962-இல் அதே பள்ளிக்குப் போய், திரும்பி வந்து கற்றதைக் கற்பித்தார். போனவர்கள் பெரும்பாலும் ஜப்பானியர்களே. எதிர்த்திசையில் நடந்தவர்களும் உண்டு. பாஸ் கலைஞர் கேரி பீகாக் சில காலம் ஜப்பானிலேயே வாழ்ந்தார். 1970-இல் ஹோஸான் யமமோதோவின் ஷாகுஹாச்சியோடு ‘கின்காய்’ இசைத்தட்டில் வாசித்தார். அதில் மசாபுமி கிகுச்சியின் பியானோவும் இருக்கிறது. பியானோ இருந்தும் குழல் மூச்சுவிடுகிறது என்பதை அடிக்கடி போட்டுக் கேட்டுக்கொள்கிறேன். 1964-இல் கிளாரினெட் கலைஞர் டோனி ஸ்காட் இதே யமமோதோவோடும் கோத்தோ என்ற ஜப்பானியத் தந்திக் கருவியோடும் டோக்கியோவில் பதிவு செய்த இசைத்தட்டில் சிக்கலே எழாது. கிளாரினெட் வளையும், கோத்தோவின் பாலங்களை நகர்த்தலாம், அசைக்க முடியாத சுருதி அங்கே எதுவுமில்லை.

என்னை அதிகம் உறுத்துவது அகியோஷியின் 1974-ஆம் வருட ‘கோகுன்’ இசைத்தட்டு. லாஸ் ஏஞ்சலஸில் இருந்த தன் பிக் பேண்டுக்குள் (பெரிய ஜாஸ் குழு) ‘நோ’ என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் சுசுமி மேளத்தையும் குரலையும் கொண்டுவந்தார். அந்த மேள அடிகள் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் சீரான அடிக்குள் அடங்காதவை. குரல் இழுக்கும்வரை அடுத்த அடி காத்திருக்கும். அவற்றை அவர் ஸ்விங் என்ற ஜாஸ் தாளநடையின் கட்டங்களுக்குள் வெட்டி அடுக்கவில்லை. அவற்றின் காலத்தை அவற்றுக்கே விட்டுவிட்டார். எழுதும் இடத்தில் இருப்பவரால் இது முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

எனக்கு எதிராக இத்தனை சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சிக்கு ஷாகுஹாச்சி கலைஞர் இரண்டு குழலையும் கொண்டுவந்தார். யாரும் சொல்லாமலே 2.0-ஐ எடுத்தார். பிடித்துப்போய் எடுத்தாரா, விவாதம் வேண்டாமென்று எடுத்தாரா? கேட்டிருந்தாலும் மரியாதையான பதில்தான் வந்திருக்கும்.

இப்போது அதே பாட்டை 1.8-க்குத் திருத்திக்கொண்டிருக்கிறேன். டிரோம்போன்களை ஈ-பிளாட் வரும் அந்த எட்டு பார்களில் (தாளக் கட்டங்களில்) நிறுத்தியாயிற்று. ரைடு சிம்பலுக்குப் பதில் ஸ்னேர் மேளத்தில் பிரஷ். பியானோவில்தான் நிற்கிறது. ‘சி மைனர் 7’ என்று குறியீடு மட்டும் எழுதினால் பழக்கத்தில் கை ஈ-பிளாட்டுக்கே போகும். சுரம் சுரமாக எழுதிக் கொடுத்தால் கை போகாது. ஆனால் ஜாஸ் பியானோ கலைஞரிடமிருந்து எட்டு பார் மனோதர்மத்தைப் பிடுங்கியதாகும். தாளில் இரண்டு வடிவமும் பென்சிலில் இருக்கின்றன.