குடியிருக்கிறவங்க வயசான அம்மாவ கூட்டிட்டு வந்தா வீட்டுக்காரங்க என்ன பாக்கணும்

தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கம் இருக்கிற நம்ம சாட்ஸ்வர்த்ல வீட்டுக்குப் பின்னாடி அவுட்பில்டிங் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேரு, நாங்களும் அப்படித்தான், இப்ப எங்க வீட்ல குடியிருக்கிற பொண்ணு "அங்கிள், டோங்காட்ல அம்மா தனியா இருக்காங்க, இடுப்பு ஆபரேஷன் ஆயிருக்கு, எங்கூட வச்சுக்கட்டுமா"ன்னு கேட்டுச்சு. சரின்னுட்டேன். உடனே அக்கம்பக்கத்துல, வயசானவங்கள உள்ள விட்டா அப்புறம் கோர்ட்டே வெளிய அனுப்ப விடாதுன்னு பயமுறுத்துறாங்க.

அது பாதிதான் உண்மை. வீட்ட விட்டு வெளியேத்தறது பத்தின நம்ம நாட்டு 1998 சட்டப்படி கோர்ட் ஆர்டர் இல்லாம யாரையுமே வீட்ட விட்டு வெளியேத்த முடியாது, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி வயசானவங்க, குழந்தைங்க, உடம்பு முடியாதவங்க நிலைமைய கோர்ட் யோசிக்கணும், அவ்வளவுதான், வெளியேத்தவே கூடாதுன்னு அதுல இல்ல. இன்னொரு பக்கம் 1999 வாடகை வீட்டுச் சட்டத்துல, குடியிருக்கிறவங்களை மட்டுமில்ல, அவங்க வீட்டு ஆளுங்களையும் வயசையோ ஊனத்தையோ காட்டி நியாயமில்லாம ஒதுக்கக்கூடாதுன்னே இருக்கு. அதனால கெழவி வேணாம்னு வாய்விட்டு சொல்றது மனசாட்சிக்கும் தப்பு, சட்டத்துக்கும் தப்பு.

பேப்பர்ல தெளிவா இருந்தா போதும். எத்தனை பேர் தங்கலாம்னு லீஸ்ல, அதாவது வாடகை ஒப்பந்தத்துல, இருந்தா அத மாத்தி, அம்மா மகளோட சேர்ந்து தங்குறவங்க மட்டும்தான், வாடகைப் பொறுப்பு மகளோடதுன்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கணும். மக வேலைக்காக வேற ஊர் போனா அம்மா என்ன பண்ணுவாங்கன்னும் அப்பவே பேசிடுங்க, சங்கடமா இருந்தாலும் பரவால்ல. கரண்ட் பிரீபெய்ட், அது அவங்க பாடு, தண்ணி பில்தான் நம்ம பேர்ல வருது, கூடுனா யார் கட்டறதுன்னு முதல்லயே சொல்லிடணும். லீஸ் முடியறதுக்குள்ள நடுவுல வாடகைய ஏத்தறது, லீஸ்ல அப்படி எழுதலன்னா, செல்லாது, நானும் ஏத்தல.

உண்மையில நான் ரொம்ப யோசிச்சது பாத்ரூம்தான். கதவு உள்பக்கம் திறக்குற மாதிரி இருந்துச்சு, உள்ள யாராவது விழுந்து கதவுல சாஞ்சு கிடந்தா வெளியில இருந்து தள்ளவே முடியாது, அதனால கழட்டி வெளிப்பக்கம் திறக்குற மாதிரி மாட்டியாச்சு. வழுக்கினா கை முதல்ல போறது டவல் கம்பிக்குத்தான், அது ஆள் கனத்த தாங்காது, டைலோட பேந்துகிட்டு வந்துடும். அதனால டாய்லெட் பக்கத்துலயும் ஷவர்லயும் செங்கல் சுவர் வரைக்கும் டிரில் போட்டு நல்ல கைப்பிடி வச்சோம், நம்ம சுவருங்கறதால செலவு நான்தான் பண்ணேன், அதுல பேரம் பேசக்கூடாதுங்கறது என் எண்ணம். நம்ம சாட்ஸ்வர்த் முழுக்க மேடு பள்ளம், ரோட்டுல இருந்து படி இறங்கித்தான் பின்னாடி வரணும், மழையில பாசி பிடிக்கும், அதுக்கும் ஒரு கம்பி போடணும், வெல்டிங்காரர் சனிக்கிழமை வர்றேன்னிருக்கார். திருட்டு பயத்துக்குப் போட்டிருக்கிற இரும்பு பர்க்லர் கேட்டோட சாவி ஒண்ணு உள்ள அம்மா கைக்கு எட்டுற ஆணியில, இன்னொண்ணு எங்ககிட்ட, ராத்திரி நெருப்பு கிருப்புன்னா தேடிட்டு இருக்க நேரமிருக்காது.

பேசித் தீராத தகராறு வந்தா வாடகை டிரிப்யூனல் இருக்கு, காசில்லாமயே புகார் குடுக்கலாம், வீட்டுக்காரங்களும் போகலாம்.