முதியோர் இல்லத்தில் பொங்கல்: ஒரு வாரக் குறிப்பு

10 ஜனவரி 2025, வெள்ளி

பண்டிகை என்றால் நாற்காலியில் வரிசையாக உட்காரவைத்து, வெளியிலிருந்து வந்தவர்கள் ஆடுவதைப் பார்க்கச் சொல்வதே பல இல்லங்களில் வழக்கம். காலமெல்லாம் பானை வைத்துப் பொங்கியவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது? இங்கே ஆளுக்கொரு வேலை. அதற்கு முன் பட்டியல்: யாருக்குச் சர்க்கரை, யாருக்கு விழுங்கச் சிரமம், யாருக்குப் புகை ஆகாது.

கணவரை இழந்த பாட்டிகளிடம் "அரிசி போட வர்றீங்களா பாட்டி?" என்று தனியாகக் கேட்க வேண்டும். கூட்டத்தில் கேட்டால் ஒதுங்கிக்கொள்வார்கள். "சுமங்கலிங்க முன்னால வாங்க" என்ற பேச்சே எழக்கூடாது.

12 ஜனவரி, ஞாயிறு

கோலப் பயிற்சி. குனிய முடியாது, நடைபாதையில் மாவு சிந்தினால் வழுக்கும். அதனால் மேசைமேல் கறுப்புச் சாயம் பூசிய ஒட்டுப்பலகை, இரண்டடிக்கு இரண்டடி. உலர்ந்த மாவு பறந்தால் இருமல் வரும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, தோசை மாவைவிடத் தளர்த்தியாகக் கரைத்து, துணியில் வடிகட்டி சாஸ் பாட்டிலில் ஊற்றலாம். வடிகட்டாவிட்டால் பாட்டிலின் மூக்கு அடைத்துக்கொள்ளும். கை நடுங்குபவர்களுக்கு விரலிடுக்கில் மாவு பிடிப்பதைவிட பாட்டிலை அமுக்குவது எளிது.

மறதி நோய் உள்ளவரிடம் "என்ன கோலம் போடலாம்?" என்று கேட்டால் திகைப்பார். ஐந்து புள்ளி ஐந்து வரிசை வைத்து பாட்டிலைக் கையில் கொடுத்தால் போதும். பேர் மறந்தவரின் கைக்கும் பல நேரம் சிக்குக்கோலம் மறப்பதில்லை.

13 ஜனவரி, திங்கள், போகி

இங்கே எதையும் கொளுத்துவதில்லை. தெரு கொளுத்தும், ஆகவே விடியற்காலை நாலு மணிக்கே தெருப்பக்க ஜன்னல்களைச் சாத்தி, ஆஸ்துமாக்காரர்களின் இன்ஹேலரைத் தலைமாட்டில் வைத்தாயிற்று. அலமாரி ஒழிக்கும்போது கேட்காமல் எதையும் தூக்கிப்போடக் கூடாது. முடிச்சுப் போட்ட பழைய பையைக்கூட நாள் கணக்கில் தேடுவார்கள்.

புது மண்பானை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். ஊறாத பானை தீயில் விரிசல் விடும்.

14 ஜனவரி, செவ்வாய், தை 1

முற்றத்துக்கு இரண்டு லிட்டர் பானை போதும். பெரிய பானை பொங்குவதற்குள் வெயிலில் தாத்தாக்கள் சோர்ந்துவிடுவார்கள். எல்லோருக்குமான பொங்கல் சமையலறையில். சக்கர நாற்காலியிலிருந்தும் தெரிய, உறுதியான தாழ்ந்த மேடையில் கேஸ் அடுப்பு, விறகு வேண்டாம். சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருக்கிறார்களா என்று ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பால் பொங்கும்போது முதல் "பொங்கலோ பொங்கல்" தாத்தா பாட்டிகளுடையது. ஊழியர்கள் முந்தக் கூடாது.

நல்ல நேரத்துக்காக இன்சுலின் போடுபவர்களின் சாப்பாட்டைத் தள்ளக் கூடாது. ஊசி போட்டபின் தாமதித்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். "வெல்லந்தானே" என்பதும் செல்லாது, வெல்லமும் சர்க்கரைதான். அவர்களுக்கு வெண்பொங்கலோடு இரண்டு ஸ்பூன் இனிப்பு, அதையும் அந்த வேளைச் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்த்து.

விழுங்கச் சிரமம் உள்ளவர்களுக்கு என்ன பதம் என்று நர்ஸிடம் முதலில் கேட்க வேண்டும். மசித்த சாப்பாடு சாப்பிடுபவர்களுக்கென்றால் ஒரு கப் அரிசி, கால் கப் பாசிப்பருப்பு, ஆறு கப் தண்ணீர். குழைய வெந்து மசித்த பிறகே வெல்லப்பாகு. முன்னாடியே விட்டால் அரிசி வேகாமல் விறைக்கும். பாகை வடிகட்டாவிட்டால் மண் பல்செட்டில் நெருடும். முந்திரியைப் பொடித்துச் சேர்க்கலாம், திராட்சை வேண்டாம். ஆற ஆறப் பொங்கல் இறுகி மேலண்ணத்தில் ஒட்டும். பரிமாறும்போது சூடான பால் விட்டுத் தளர்த்த வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, அரை மணி நேரம் சாயாமல் இருக்கட்டும்.

கரும்பு? கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள மட்டும்.

15 ஜனவரி, புதன், மாட்டுப் பொங்கல்

மாலை கட்டுதல். மல்லிகை இந்த மாதத்தில் விலை, அரும்பும் பொடிசு. சாமந்தியே விரலுக்கு அடங்கும். பார்வை மங்கியவர்களுக்கு நீள ஊசி, தடித்த நூல். கட்டிய மாலையைப் பக்கத்து வீட்டுக் கொட்டகையில் மாட்டுக்குப் போட்டார்கள்.

16 ஜனவரி, வியாழன், காணும் பொங்கல்

மெரினா வேண்டாம், அந்தக் கூட்டத்தில் சக்கர நாற்காலி நகராது. உறவினர்கள் வேளை பிரித்து வரட்டும். காது கேட்கும் கருவி போட்டவர்களுக்கு ஒரே அறையில் பத்துப் பேர் பேசினால் வெறும் இரைச்சல்தான்.

காலில் விழும் பேரப்பிள்ளைக்குப் பொங்கல் காசு கொடுக்கக் கையில் காசில்லாமல் பாட்டிகள் கூசுகிறார்கள். பத்து ரூபாய் நாணயங்களாக மாற்றி முன்தினமே சுருக்குப்பையில் போட்டுக் கொடுத்தோம். யாரும் வராதவர்களுக்கும் பை உண்டு. ஊழியர்களின் பிள்ளைகள் அவர்களிடம் போய் விழட்டும்.