டர்ஹாம் ஆயர் நாடு: நாலாவது தாளில்தான் ஒரு வழிக்கு வந்தது

சுவரில் இப்போது தொங்குவது நாலாவது தாள். முதல் மூன்றும் பரணில் சுருட்டிக் கிடக்கின்றன. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், ஐந்து மாதம் ஆகிவிட்டது, இன்னும் முடிந்தபாடில்லை. அதனால் இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

பழைய நாடுகளின் வரைபடத்தைக் கையால் வரைவது என் பொழுதுபோக்கு. கம்ப்யூட்டரில் செய்தால் ஒரு மணி நேர வேலை என்று நண்பர்கள் சொல்வார்கள், அது எனக்கும் தெரியும். இந்த முறை எடுத்தது இங்கிலாந்தின் வடக்கே இருந்த டர்ஹாம். நார்மன்கள் காலத்திலிருந்து 1836 வரை அங்கே ஆயர், அதாவது கிறிஸ்தவ பிஷப்தான் ஆட்சியாளர். தனி நீதிமன்றம், தனி ஷெரிஃப், தனி நாணயச்சாலை, குற்றவாளிக்குப் பொதுமன்னிப்பு கொடுக்கும் அதிகாரம், எல்லாம் அவர் கையில். மற்ற மாவட்டங்களில் குற்றம் செய்தால் ராஜாவின் அமைதியைக் குலைத்ததாக வழக்கு, இங்கே ஆயரின் அமைதியைக் குலைத்ததாக வழக்கு. 'இளவரசர் ஆயர்' என்பது பின்னால் வந்த பட்டப்பெயர், ராஜாவுக்குரிய அதிகாரம் உள்ள இப்படிப்பட்ட நாட்டுக்கு அந்தக் காலத்துச் சட்டச் சொல் பாலட்டினேட். இன்னொன்று, ஊரின் பெயரை அங்கே இருப்பவர்கள் 'டரம்' என்கிற மாதிரிதான் சொல்கிறார்கள். வரைபடத்தில் அப்படி எழுதிப் பார்த்தேன், எதோ வாத்தியம் மாதிரி இருந்தது, அழித்துவிட்டு டர்ஹாம் என்றே போட்டேன்.

முதல் தாள் சுலபமாக வந்தது. மேலே டைன் ஆறு, கீழே டீஸ் ஆறு, வலப்பக்கம் கடல், இடப்பக்கம் பென்னைன் மலை. ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் என்று வைத்து, சார்ட் பேப்பரைப் படுக்கைவாக்கில் போட்டு, உள்ளே முழுக்க ஊதா போஸ்டர் கலர் அடித்தேன். ஊதா சும்மா எடுத்ததில்லை, டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் நிறத்துக்கே பாலட்டினேட் என்றுதான் பெயர். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, டர்ஹாமை ஸ்காட்லாந்துக்கு எதிரான எல்லைப்புற நாடு என்கிறார்களே, எல்லை எங்கே? ஸ்காட்லாந்து எல்லையில் ஓடுவது ட்வீட் ஆறு, அது டர்ஹாம் நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. நடுவில் நார்தம்பர்லாந்து முழுசாகக் கிடக்கிறது.

தேடிப் பார்த்ததில் ஆயருக்கு ட்வீட் கரையிலேயே நிலம் இருந்திருக்கிறது. நோரம் கோட்டையைச் சுற்றி நோரம்ஷயர், லிண்டிஸ்ஃபார்ன் தீவும் அதற்கு எதிர்க்கரையும் சேர்ந்து ஐலண்ட்ஷயர், நடுவழியில் பெட்லிங்டன்ஷயர், தெற்கே யார்க்ஷயருக்குள் கிரேக் என்று ஒரு ஊர். இத்தனையும் டர்ஹாம் மாவட்டத்தின் பகுதியாகவே 1844 வரை இருந்தன. என் அளவுக்கோலில் நோரத்தை வைக்க வேண்டுமென்றால் டர்ஹாம் நகரத்திலிருந்து கிட்டத்தட்ட எழுபது சென்டிமீட்டர் மேலே போக வேண்டும், அதாவது தாளைத் தாண்டிச் சுவரில்தான் வரைய வேண்டும். முதல் தாள் பரணுக்குப் போனது.

இந்தச் சிதறலுக்குக் காரணம் ஒரு சவப்பெட்டி. லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை ஏய்டன் என்ற துறவி 635இல் தொடங்கினார். அங்கே ஆயராக இருந்த கத்பர்ட் 687இல் இறந்தார். பதினோரு வருஷம் கழித்துத் தோண்டியபோது உடல் அழுகாமல் இருந்தது என்றார்கள், அதோடு அவர் பெரிய புனிதர் ஆகிவிட்டார். 793இல் வைக்கிங் கடற்கொள்ளையர்கள் மடத்தைக் கொள்ளையடித்தார்கள். தொல்லை தொடர்ந்ததால் 875இல் துறவிகள் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். 883இல் செஸ்டர்-லீ-ஸ்ட்ரீட், 995இல் டர்ஹாம். பெட்டி போன வழியெல்லாம் நிலம் சேர்ந்தது. ராஜாக்கள் எழுதிக் கொடுத்தார்கள், சிலவற்றை ஆயர்கள் விலைக்கும் வாங்கினார்கள், பெட்லிங்டன் அப்படி வந்ததுதான். எல்லாம் கத்பர்ட் பெயரில். அங்கே வாழ்ந்த மக்களுக்கே 'புனிதரின் ஜனங்கள்' என்று பொருள்படும் ஹாலிவெர்ஃபோக் என்று பெயர். இதைப் படித்த பிறகுதான் அந்தத் துண்டு நிலங்கள் எனக்கு அர்த்தமாயின. இறந்துபோன ஒருவரின் சொத்துப் பட்டியலைத்தான் நான் வரைந்துகொண்டிருக்கிறேன்.

இரண்டாவது தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர், தாள் நெட்டுக்குத்தலாக. கிரேக்கிலிருந்து ட்வீட் வாய் வரை அறுபது சென்டிமீட்டரில் அடங்கிவிட்டது. இந்த முறை தவறு என் அவசரத்தால். 1086இல் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பில் டர்ஹாம் இல்லாததால் அந்த வருஷத்தையே தலைப்பாகப் போட்டால் நன்றாக இருக்கும் என்று பெரிதாக எழுதினேன், டைனுக்கும் டீஸுக்கும் நடுவே எல்லாவற்றையும் ஊதா ஆக்கினேன். ஆனால் டீஸ் கரையில் சாட்பெர்ஜ் என்ற பகுதி அப்போது ஆயருடையதே இல்லை, நார்தம்பர்லாந்து பிரபுவைச் சேர்ந்தது. ரிச்சர்ட் ராஜா சிலுவைப்போருக்குப் பணம் திரட்ட 1189இல் கையில் கிடைத்ததையெல்லாம் விற்றபோதுதான் ஆயர் ஹ்யூ டி பியூசே அதை வாங்கினார். கூடவே நார்தம்பர்லாந்து பிரபு பட்டத்தையும் வாங்கினார். கிழட்டு ஆயரை இளம் பிரபு ஆக்கிவிட்டேன் பார் என்று ராஜா கேலி செய்ததாகக் கதை. பட்டம் ஐந்து வருஷத்தில் போய்விட்டது, சாட்பெர்ஜ் மட்டும் தங்கியது. நான் பிளேடால் ஊதாவைச் சுரண்டப் போய் தாள் கிழிந்தது.

மூன்றாவது தாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மழைக்காலம், மை பாட்டில், மூடியைச் சரியாகத் திருகவில்லை.

நடுவில் ஒருநாள் அம்மா வந்து நின்று பார்த்துவிட்டு, "சாமியாருக்கு எதுக்குடா கோட்டை?" என்றாள். நான் ஐந்து மாதத்தில் கேட்டதிலேயே சரியான கேள்வி அது. பதில் சொல்ல அரைமணி ஆனது. நார்மன் ராஜா வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வடக்கு அடங்கவில்லை. ராபர்ட் கோமின் என்பவரைப் பிரபுவாக அனுப்பினார், 1069 ஜனவரியில் டர்ஹாம் ஊருக்குள்ளேயே ஆட்களோடு வெட்டிப் போட்டார்கள். அதற்குப் பழிவாங்க ராஜாவின் படை வடக்கையே எரித்தது. 1072இல் டர்ஹாமில் கோட்டை வேலை தொடங்கியது. கொஞ்ச நாளில் ஆயர் வால்ச்சரிடமே பிரபு பதவியும் வந்தது, அவரையும் 1080இல் கேட்ஸ்ஹெட்டில் கும்பல் கொன்றது. இருந்தும் ராஜாக்களுக்கு ஆயர் ஏற்பாடு பிடித்துப்போனதற்குக் காரணம் எளிமையானது. எல்லையில் படையும் அதிகாரமும் உள்ள ஒரு ஆள் வேண்டும். குடும்பஸ்தனிடம் கொடுத்தால் மகன், பேரன் என்று பரம்பரையாகக் காலூன்றி ஒருநாள் ராஜாவையே எதிர்ப்பான். ஆயருக்கு வாரிசு கிடையாது. அவர் போனால் அடுத்த ஆயர் வரும்வரை வருமானம் ராஜாவுக்கு, அடுத்தவர் யார் என்பதிலும் ராஜாவின் கை இருக்கும். "அப்ப இது வாடகை வீடு மாதிரி" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

நாலாவது தாளுக்கு சார்ட் பேப்பரை விட்டுவிட்டுக் கெட்டியான கார்ட்ரிட்ஜ் பேப்பருக்கு மாறினேன், மை பரவவில்லை. வருஷம் 1300. ஆயர் ஆன்டனி பெக். ஆள் சாதாரணமானவர் இல்லை, பின்னால் ஜெருசலேமின் பேட்ரியார்க், அதாவது தலைமை ஆயர் பட்டம்கூட வாங்கியவர். 1302இல் அவருடைய காரியஸ்தர் ஒருவர், இங்கிலாந்தில் ராஜாக்கள் இரண்டு பேர், ஒருவர் கிரீடம் வைத்தவர், இன்னொருவர் ஆயரின் தலைப்பாகை வைத்தவர் என்கிற அர்த்தத்தில் பேசினார். அப்போதைய ராஜா முதலாம் எட்வர்டுக்கு இது எப்படி இருந்திருக்கும்? பெக் கையிலிருந்து அந்த நாட்டையே இரண்டு தடவை பறித்து வைத்திருந்தார். அதைவிட எனக்குப் பிடித்தது மக்கள் செய்தது. ஸ்காட்லாந்துப் போருக்கு வரச் சொன்னபோது, நாங்கள் புனிதரின் உடலைக் காக்கத்தான் நிலம் வைத்திருக்கிறோம், டைனையும் டீஸையும் தாண்டிப் போருக்கு வரக் கடமையில்லை என்று ஆயரையே எதிர்த்து நின்றார்கள். அதனால் இந்த இரண்டு ஆறுகளை மட்டும் தடித்த நிப்பில் இழுத்திருக்கிறேன்.

பார்னார்ட் காசில் தலைவலி கொடுத்தது. அது பேலியல் குடும்பத்துடையது. ஜான் பேலியல் 1296இல் ஸ்காட்லாந்து அரியணையோடு எல்லாவற்றையும் இழந்தபோது, என் எல்லைக்குள் துரோகியின் நிலம் எனக்கே என்று பெக் எடுத்துக்கொண்டார், பின்னால் ராஜா அதைப் பிடுங்கி வார்விக் பிரபுவுக்குக் கொடுத்துவிட்டார். 1300இல் ஆயர் கையில் இருந்தாலும் முழு ஊதா போட மனசு வரவில்லை. சாய்கோடு போட்டேன்.

நிலப்பகுதிகளுக்குள் என்ன எழுதுவது என்று யோசித்தபோது 1183இல் பியூசே எடுக்கச் சொன்ன போல்டன் புத்தகம் உதவியது. டூம்ஸ்டேயில் விடுபட்ட ஊர்களுக்கு இதுதான் கணக்கு. போல்டன் ஊரில் 22 பண்ணையாட்கள், ஒவ்வொருவருக்கும் 30 ஏக்கர், அதற்கு வாரம் மூன்று நாள் ஆயர் நிலத்தில் வேலை, அது போக இரண்டு கோழி, பத்து முட்டை, ஐந்து வண்டி விறகு. ஆக்லாந்துப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு வேலை: ஆயர் பெரிய வேட்டைக்கு வரும்போது காட்டுக்குள் 60 அடி நீளம், 16 அடி அகலத்தில் ஒரு கூடமும், 40 அடி நீளத்தில் சிற்றாலயமும் கட்டித் தர வேண்டும். வேட்டைக்கு வந்த இடத்திலும் ஜெபம் விடக்கூடாதாம். போல்டன் பக்கத்தில் ஒரு கோழி வரைந்தேன், அது வாத்து மாதிரி வந்துவிட்டது, விட்டுவிட்டேன்.

ஓரத்தில் முத்திரை வேண்டும் என்று ஆசை. டர்ஹாம் வெள்ளிப் பென்னியில் ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் சிலுவை. ஆயர் கெல்லாவின் காலத்துக் காசில் அந்தச் சிலுவையின் ஒரு கை மட்டும் ஆயரின் கோல் மாதிரி வளைந்திருக்கும். எந்த ஊர்க் காசு என்பதற்கு அதுவே அடையாளம். பென்சில் அழிக்கும் ரப்பர் ஒன்றை எடுத்துக் கட்டரால் செதுக்கினேன். அச்சு குத்தினால் கோல் எதிர்ப்பக்கம் வளைந்திருக்கிறது. ரப்பர் ஸ்டாம்ப் இடவலம் மாறி வரும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும், எனக்கு இரண்டாவது ரப்பரில்தான் தெரிந்தது. கெல்லா பதவிக்கு வந்தது 1311, என் வரைபடம் 1300, அந்தப் பொருத்தமின்மையைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறேன்.

டர்ஹாம் ஊருக்குத் தனியாக ஒரு சின்ன மாதிரி, மில் போர்டை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டியது. வியர் ஆறு அங்கே குதிரை லாடம் மாதிரி வளைகிறது. மூன்று பக்கமும் செங்குத்துச் சரிவு, வடக்கே மட்டும் குறுகலான கழுத்து. அந்தக் கழுத்தில் கோட்டை, உள்ளே தெற்கே 1093இல் தொடங்கிய பேராலயம். ஒன்பது அடுக்கு ஒட்டி, ஃபெவிகால் காய்ந்து, கோட்டையை வைக்கும்போது பார்க்கிறேன், கழுத்து தெற்கே இருக்கிறது. டிரேசிங் பேப்பரைத் திருப்பிப் போட்டு வெட்டியிருக்கிறேன். ஆனால் அந்தத் தவறால் ஒன்று தெரிந்தது. கோட்டையைக் கழுத்திலிருந்து எடுத்து வேறு எங்கே வைத்தாலும் அதற்கு வேலையே இல்லை.

நோரத்துக்கு மாதிரி செய்யவில்லை, கோட்டைக் குறி மட்டும். 1121இல் ஆயர் ஃப்ளாம்பார்ட் கட்டியது. லண்டன் டவரில் அடைக்கப்பட்டு அங்கிருந்து கயிறு கட்டி இறங்கித் தப்பித்த அதே ஃப்ளாம்பார்ட்தான். ஸ்காட்லாந்து அரியணை யாருக்கு என்று எட்வர்ட் 1291இல் விசாரணை தொடங்கியது நோரத்தில்தான். 1513 ஆகஸ்டில் ஸ்காட்லாந்து ராஜா நாலாம் ஜேம்ஸ் அதைப் பிடித்தார், சில நாளிலேயே ஃப்ளாடன் போரில் இறந்தார். ஆயரின் நாடு எல்லைப்புற நாடு என்பதற்கு ஒரே இடத்தில் சாட்சி வேண்டுமென்றால் இந்தக் கோட்டைதான். 1836 வரை பெயர் நின்றாலும், 1536இல் எட்டாம் ஹென்றி போட்ட சட்டத்திலேயே உயிர் போய்விட்டது. அதன்பின் அமைதியும் ராஜாவின் அமைதி, ஆணையும் ராஜாவின் ஆணை.

இப்போது தடைபட்டு நிற்பது டைன் பாலத்தில். நியூகாசிலிலிருந்து கேட்ஸ்ஹெட் போகும் பழைய பாலத்தில் மூன்றில் ஒரு பங்கு, தெற்குப் பக்கம், ஆயருடையது. எங்கே மாறுகிறது என்பதற்குப் பாலத்தின் மேலேயே நீலக் கல் பதித்திருந்தார்கள். 1771 வெள்ளத்தில் பாலம் போய்விட்டது. என் அளவுக்கோலில் மொத்தப் பாலமும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, அதில் மூன்றில் ஒரு பங்கு ஊதா எப்படி அடிப்பது? ஊசி முனையை நீல மையில் தொட்டு ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன். லென்ஸ் வைத்தால் தெரிகிறது. அடுத்த ஞாயிறு கிரேக்குக்குப் பெயர் எழுத வேண்டும்.