‘உன் வேலையைப் பார்’ என்றொரு செடி

மூன்று வருடங்களுக்கு முன் பெங்களூர் நர்சரி ஒன்றில் ஒரு சின்னத் தொட்டி வாங்கினேன். மிளகை விடச் சிறிய இலைகள், தொட்டி வழிய வழியப் பச்சை. ஒரு கல்யாணத்துக்காக மதுரை போய் நான்கு நாள் கழித்துத் திரும்பினால், வடிகட்டிப் போட்ட டீத்தூள் போல ஏதோ கிடந்தது. அதுதான் செடி. தண்ணீர் ஒரு நாள் தவறினாலும் பொறுக்காத ஜாதி என்று அப்புறம்தான் படித்தேன். சொந்த ஊர் மத்தியதரைக் கடலின் கோர்சிகா, சார்டினியா, மயோர்க்கா போன்ற தீவுகள் என்றும்.

பிரான்சில், மார்சேயில் படிக்கும் மகள் இந்த மே மாதம், “எங்கேயாவது போகலாமா அம்மா?” என்று கேட்டதும் கோர்சிகா என்று சொல்லிவிட்டேன். உண்மைக் காரணத்தைக் கப்பல் ஏறிய பிறகுதான் சொன்னேன். “செத்துப்போன தொட்டிக்குத் துக்கம் விசாரிக்கவா போகிறோம்?” என்றாள்.

இரவுக் கப்பல், விடிந்தால் அஜாக்சியோ. அங்கிருந்து போர்த்தோ வரை பஸ். வழியில் பியானாவின் செம்பாறைகளை எல்லோரும் படம் பிடித்தார்கள். எனக்கு வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொள்ளவே சரியாக இருந்தது.

மறுநாள் ஓத்தா கிராமத்தின் கீழே ஸ்பெலுங்கா பள்ளத்தாக்கில் நடந்தோம். சாலை வருவதற்கு முன்பு ஓத்தாவையும் மேலே உள்ள எவிசாவையும் இணைத்த கோவேறு கழுதைப் பாதை அது. கல் பாவியிருக்கிறது, முழங்கால் கெஞ்சுகிறது. இரண்டு மணி நேரம் வெயிலும் பாறையும்தான். பிறகு பாதை நிழலுக்குள் திரும்பும் ஓரிடத்தில், நீர் கசியும் பாறையின் அடியில், பச்சைக் கம்பளி உதறிப் போட்டது போல அது படர்ந்திருந்தது.

“நெட்டில் குடும்பம் என்றாயே, தொடலாமா?” என்று மகள் கையை இழுத்துக்கொண்டாள்.

நியாயமான பயம்; நெட்டில் என்பது தொட்டால் கொட்டும் ஐரோப்பியச் செடி. ஆனால் இதில் ஒரு வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் எங்கள் காலில் தேய்த்துவிட்டு ஓடிய காஞ்சொறி, அரிப்பதில் நெட்டிலுக்குச் சளைத்ததல்ல; ஆனால் அது ஆமணக்குக் குடும்பம். நெட்டில் குடும்பத்திலேயே பிறந்த இந்தச் செடிக்கோ கொட்டும் முடி கிடையாது. தடவினால் ஈரமான பூனைக்குட்டி போல இருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தண்டு தையல் நூல் பருமன், லேசான இளஞ்சிவப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி. ஒவ்வொரு கணுவிலும் வேர். ஒரு இழையை முழுதாக எடுக்கலாம் என்று இழுத்தால் பொட்டுப் பொட்டென்று அறுந்து கையோடு வருகிறது. அறுந்த துண்டு ஒவ்வொன்றும் ஈரம் கிடைத்த இடத்தில் வேர் பிடித்துவிடும். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் தோட்டக்காரர்கள் இதைக் கண்டு தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான். புல்வெட்டும் இயந்திரம் ஓட ஓட, விதைப்பு நடக்கிறது. உறைபனியில் இலைகள் கருகினாலும் வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். ஆங்கிலத்தில் இதற்கு ‘மைண்ட் யுவர் ஓன் பிசினஸ்’ என்று பெயர். ஊரார் தோட்டத்தில் எல்லாம் மூக்கை நுழைக்கும் செடிக்கு ‘உன் வேலையைப் பார்’ என்று பெயர் வைத்தவர் குசும்புக்காரராக இருக்க வேண்டும். ஜெர்மானியர்களுக்கு இது ‘பூபிகோஃப்’, அதாவது பாப் வெட்டிய தலை.

தாவரவியல் பெயர் சொலைரோலியா சொலைரோலி. முன்னும் பின்னும் ஒரே மனிதர்: கோர்சிகாவில் செடி சேகரித்த பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சொலைரோல். 1825-இல் இதை ஹெல்க்சின் என்ற பேரினத்தில் சேர்த்து, அவர் பெயரைப் பின்னால் ஒட்டியவர் எஸ்ப்ரி ரெக்கியன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். ரெக்கியன் 1851-இல் இதே தீவில், பொனிஃபாசியோவில் இறந்துபோனார். இன்றைய சொலைரோலியா பேரினத்தில் இருப்பது இந்த ஒரே இனம்தான்.

பையில் இருந்த பத்து மடங்கு லென்ஸை எடுத்தேன். பூ என்று சொன்னால்தான் பூ, இதழே கிடையாது. ஆண் மொட்டுக்குள் நான்கு மகரந்தத் தாள்கள் வில்லைப் போல உள்நோக்கி வளைந்து கிடக்கின்றன. ஊசி முனையால் ஒன்றைத் தொட்டதும் விசுக்கென்று நிமிர்ந்து, பவுடர் தூவியது போல ஒரு சிறு புகை. காற்று கொண்டுபோக இவ்வளவு ஏற்பாடு! மார்சே சுவர் இடுக்குகளில் முளைத்து வசந்தத்தில் ஊரையே தும்ம வைக்கும் பாரியேட்டேரியா இதன் நெருங்கிய சொந்தம் என்றேன். மகள் இரண்டடி தள்ளி உட்கார்ந்தாள்.

ஒரு துண்டு பறித்து வர ஆசைதான். சான்றிதழ் இல்லாமல் செடி கொண்டு இந்திய விமான நிலையத்தில் இறங்க முடியாது. ஏற்கெனவே ஒன்றைக் கொன்றவள் வேறு. லென்ஸைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்தேன்.

மார்சே திரும்பிய பிறகு ஷூவைக் கழுவும்போது மகள் கூப்பிட்டாள். அடிப்பள்ளத்தில் சேற்றோடு ஒரு விரற்கடை நீளப் பச்சை இழை, இரண்டு கணு. குப்பையில் போடு என்றேன். அவள் தயிர்க் கிண்ணத்தில் ஈர மண் போட்டுக் குளியலறை ஜன்னலில் வைத்தாள்.

நேற்று படம் அனுப்பியிருக்கிறாள். கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிவிட்டது.